தொப்பியைக் கழற்றாதவர்கள்

எங்கள் தோட்டத்தில் நல்ல ஆள் என்று பெயர் எடுக்க ஒரே வழிதான் இருந்தது. வாய் திறக்கக் கூடாது. துரையின் கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். கிராணி பால் கணக்கைக் குறைத்து எழுதினாலும் கைநாட்டு வைத்துவிட்டு வர வேண்டும். மண்டோர் ஏசினால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஜோகூரில் ரெங்கத்துக்கும் லாயாங் லாயாங்குக்கும் நடுவே, பால்மரங்களுக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். “அடங்கி இருடா, நமக்கெதுக்கு வம்பு” என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் அவர் ஒருவர். அந்த ரணம் ஆறுவதற்குள் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருப்பவனுக்கும் பயம், துப்பாக்கியோடு ரோந்து வருபவனுக்கும் பயம், லயத்தைச் சுற்றி முள்கம்பி. அடங்கி இருந்தவர்கள்தான் அன்று பிழைத்தார்கள்.

அவர்களுடைய பேரப் பிள்ளைகளை இன்று தாமான்களில் பார்க்கிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு குண்டர் கும்பல்களைப் பற்றிய கணக்கை வெளியிட்டபோது, உறுப்பினர்கள் எனப்பட்ட சுமார் 40,000 பேரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். நாட்டின் மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். தாத்தா குனிந்த முதுகோடு செத்தார், பேரன் காருக்குள் பாராங் வைத்திருக்கிறான். என்னிடம் படித்த ஒருவன் நேராகவே கேட்டான்: “சார், பொறுமையா இருந்தா ஏறி மிதிக்கிறாங்க. நீங்க சொல்ற அமைதியை வச்சு எங்க தாத்தா என்ன கண்டாரு?” அவன் கேட்டதில் பாதி நியாயம். அவனுடைய தாத்தாவுக்கு வாய்த்ததை அமைதி என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அது ஒடுக்கம். குனிவதையும் வெட்டுவதையும் விட்டால் வேறு வழியே கிடையாது என்று அவன் நம்புவதைத்தான் நான் ஏற்கவில்லை. அப்படி ஒரு வழியில் முந்நூற்றெழுபது ஆண்டுகளாக நடந்துவரும் சிறு கூட்டம் ஒன்று இருக்கிறது. குவேக்கர்கள் என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் ஓட்ஸ் டின்னில் தொப்பியோடு சிரிக்கும் மனிதர்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவார். அந்த நிறுவனத்துக்கும் இந்தச் சமயத்தாருக்கும் தொடர்பு கிடையாது. நாணயமானவர்கள் என்று பேர் வாங்கியிருந்ததால் வியாபாரிகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தொப்பிக்கு ஒரு கதை உண்டு.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. உள்நாட்டுப் போரில் மன்னரின் தலையையே வெட்டிய காலம். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் நெசவாளியின் மகன், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதைக் காண இடையில் பூசாரி வேண்டாம் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். அவரைப் பின்பற்றியவர்கள் ஓர் அறையில் கூடிப் பேசாமல் உட்கார்ந்தார்கள். மனத்துக்குள் உந்துதல் வந்தால் ஆணோ பெண்ணோ எழுந்து பேசலாம். வராவிட்டால் கூட்டம் முடியும்வரை மௌனம்தான். வள்ளலாரின் சன்மார்க்கத்தை அறிந்த நம் வீடுகளுக்கு இது அந்நியமாகப் படாது. அவரும் ஒளியைத்தான் முன்வைத்தார், அந்த ஒளியைச் சொன்ன கையோடு வடலூரில் அடுப்பையும் மூட்டினார். ஒளி எல்லாருக்குள்ளும் இருக்கிறது என்று உண்மையாக நம்பிவிட்டால், அதற்கப்புறம் பழைய மாதிரி வாழ முடியாது.

குவேக்கர்கள் அப்படி வாழவில்லை. பிரபுவின் முன்னும் நீதிபதியின் முன்னும் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் அன்று. 1670இல் வில்லியம் பென் என்ற இளைஞரைத் தெருவில் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக லண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். வாசலில் ஓர் அதிகாரி அவருடைய தொப்பியை எடுத்துவிட்டார். திரும்பத் தலையில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். வைத்ததும், நீதிமன்றத்தில் தொப்பி போட்டதற்காக அபராதம் விதித்தது. பென் கூச்சல் போடவில்லை, கையை ஓங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளையும் சேர்த்துச் சிறையில் அடைத்தார்கள். அந்தத் தலைமுறையில் ஆயிரக்கணக்கான குவேக்கர்கள் சிறைக்குப் போனார்கள், நூற்றுக்கணக்கானோர் உள்ளேயே இறந்தார்கள். அவர்கள் பக்கமிருந்து ஓர் அடி விழவில்லை. 1661இல் மன்னர் இரண்டாம் சார்லசுக்கு எழுதிக் கொடுத்தார்கள்: எந்த நோக்கத்துக்காகவும், யாருக்காகவும் ஆயுதம் ஏந்த மாட்டோம். அந்த வாக்கை இன்றுவரை அவர்கள் திரும்பப் பெறவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கிள்ளான் நினைவு வரும். 1941இல் சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். பென்னுக்குத் தொப்பி என்றால் நம்மவர்களுக்குச் சைக்கிள். நாதனை நாடு கடத்தினார்கள், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த மனிதர்கள் குவேக்கர்களைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் சீட்டிலிருந்து இறங்க மாட்டேன் என்று முடிவெடுத்த கணத்தில் அவர்களும் பென்னும் ஒரே இடத்தில் நின்றார்கள். தாத்தாக்கள் எல்லாரும் குனிந்தவர்கள் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை நாம் சொல்லிக் கொடுக்கவே இல்லை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதியில் இந்தியர் உரிமை கேட்டு, காந்தி படத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்ப்புகைக்குள் நின்ற கூட்டத்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

எதிர்த்து நிற்பதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. எதிராளியின் வீட்டுக்குப் போய் அவன் எதிரில் உட்காருவது. ஜான் உல்மன் என்ற குவேக்கரை நான் மதிப்பது அதற்காக. 18ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சியில் தையல் வேலையும் சிறு கடையுமாக வாழ்ந்தவர். அன்று குவேக்கர்களே அடிமைகளை வைத்திருந்தார்கள், ஒளியைப் பற்றிப் பேசிக்கொண்டே வைத்திருந்தார்கள். உல்மன் அவர்களைத் திட்டி ஊர்வலம் போகவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்த் தங்கினார், நிதானமாகப் பேசினார். கிளம்பும்போது தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தொடவில்லை, சாயம் போட்ட துணியை உடுத்தவில்லை. 1772இல் அம்மை கண்டு இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1776இல், பிலடெல்பியாக் குவேக்கர் பேரவை அடிமை வைத்திருப்பவருக்கு இங்கே இடமில்லை என்று முடிவெடுத்தது. அதை அவர் பார்க்கவில்லை.

இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி நம் பாட்டன்மார் கதையைத் தொடுகிறது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். இது அடிமை முறையின் மறுபிறவி என்று குரல் எழுப்பியவர்களில் முக்கியமானது பர்மிங்ஹாம் குவேக்கர் ஜோசப் ஸ்டர்ஜ் 1839இல் தொடங்கிய அடிமை எதிர்ப்புச் சங்கம். அந்தக் காலத்து எதிர்ப்பால் அதே ஆண்டில் கூலி ஏற்றுமதி நின்றது, 1842இல் மொரீஷியசுக்கு மறுபடி திறந்தது. முதலாளிகள் ஜெயித்தார்கள். மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலி முறை முடிய 1910 ஆயிற்று, அதற்குப் பின்னும் கங்காணி முறை தொடர்ந்தது. நம்மைப் பார்த்தே இராத ஒரு மனிதர் நமக்காக வாதாடித் தோற்றிருக்கிறார். தோற்ற வழக்குகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் இன்று நம் கேள்வி என்ன? ஜோகூர்ச் செம்பனைத் தோட்டங்களில் இப்போது குலை அறுப்பவர்கள் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும். தரகருக்குக் கடன்பட்டு வந்து, நம் பாட்டன் நின்ற அதே பெரட்டில் நிற்கிறார்கள். 2020இல் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் இரண்டு பெரிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அது பெரிய நிறுவனங்களின் பாடு என்று விட்டுவிட முடியவில்லை. நம் வாழையிலை உணவகங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து தட்டு கழுவும் பிள்ளைகளின் கடப்பிதழ் யாருடைய மேசை அறைக்குள் இருக்கிறது? அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வைத்திருப்பவர் கோயில் திருவிழாவுக்கு முதல் நன்கொடை தருபவராகவும் இருப்பார். அவரிடம் போய் உட்கார்ந்து, “அண்ணே, அந்தப் பையன் பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க” என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? உல்மன் செய்தது அதைத்தான்.

போர் என்று வரும்போது கேள்வி முற்றுகிறது. என் அப்பாவைச் சயாமில் அடித்தவனை ஆயுதம் இல்லாமல் யார் தடுத்திருக்க முடியும்? இந்தக் கேள்வியைப் பல காலமாக மனத்தில் வைத்திருக்கிறேன். துப்பாக்கி ஏந்திப் போரிட்டவர்களைக் குறை சொல்ல என்னால் ஆகாது. ஜப்பானியர் தோற்றதால்தான் அப்பா வீடு திரும்பினார், நான் பிறந்தேன். குவேக்கர்களின் விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அகிம்சை பேசவில்லை. கொல்ல மாட்டோம் என்றவர்கள் சாவின் பக்கத்திலேயே போய் நின்றார்கள். 1914இல் தொடங்கிய அவர்களுடைய ஆம்புலன்ஸ் படை, இரண்டாம் போரில் பர்மாவிலும் சீனாவிலும் குண்டுவீச்சுக்கு நடுவே மருந்து லாரி ஓட்டியது. போர் முடிந்ததும் தோற்ற ஜெர்மனியின் பசித்த பிள்ளைகளுக்கும் சோறு போட்டார்கள். 1947இல் நோபல் அமைதிப் பரிசு லண்டன், அமெரிக்கக் குவேக்கர்களின் இரண்டு தொண்டமைப்புகளுக்குச் சேர்த்து வழங்கப்பட்டது. மறு ஆண்டே ஐ.நா. கேட்டுக்கொண்டபடி காசாவில் பாலஸ்தீன அகதிகளுக்கு உணவும் கூடாரமும் கொடுக்கும் பொறுப்பை அமெரிக்கக் குவேக்கர்கள் ஏற்றார்கள். எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அவர்கள் கேட்பதில்லை.

தமிழ்நாட்டோடு அவர்களுக்கு உள்ள உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. மார்ஜரி சைக்ஸ் என்ற யார்க்ஷயர் பெண் 1928இல் சென்னை வேப்பேரியின் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார், குவேக்கர் ஆனார், தாகூரின் சாந்திநிகேதனிலும் காந்தியின் சேவாகிராமத்திலும் பணிபுரிந்தார், இந்தியக் குடியுரிமை பெற்றார், கோத்தகிரியில் குடியிருந்தார். காந்தியின் ஆதாரக் கல்வியைப் பற்றிப் படிக்கும்போதுதான் அவரை நான் அறிந்தேன். 1964இல் நாகாலாந்தில் போர்நிறுத்தம் வந்தபோது, அதைக் கண்காணிக்கும் அமைதிக் குழுவில் சேர்ந்து அந்த மலைகளுக்குப் போனார். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. இராணுவம் மீறியது என்று ஒரு பக்கமும், போராளிகள் மீறினார்கள் என்று மறுபக்கமும் சொல்வதைக் கேட்பது அந்தக் குழுவின் வேலை. கேட்பதுதான் வேலை. அறுபது வயதில் நம்மில் பலர் பேசுவதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்கிறோம்.

இன்னொருவர் ஜோசப் எல்டர். இளைஞராக மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கற்பித்தவர், பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 1980களில் இலங்கை அரசுக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் நடுவே குவேக்கர்கள் செய்தி கொண்டுபோய் வந்தபோது அவர்களில் இவரும் ஒருவர். இந்தத் தூதுக்கு இலக்கணம் உண்டு. பத்திரிகைக்குப் போகக் கூடாது. ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவரிடம் சேர்க்க வேண்டும். இருவர் கோபத்தையும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டுச் சண்டைகளிலேயே இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அரிது. அண்ணன் சொன்னதைத் தம்பியிடம் சொல்லப் போகிறவர் வழியிலேயே நாலு வார்த்தை சேர்த்துவிடுகிறார். இலங்கையில் அந்த முயற்சி பலிக்கவில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் செய்தி வந்தபோது இந்த ஜோகூரிலும் வீட்டுக்கு வீடு அழுதோம். ஆயுதம் ஏந்தியவர்களுக்கும் தோல்வி, ஏந்தாதவர்களுக்கும் தோல்வி. செய்தி கொண்டு போனவர்களின் தோல்வியில் யாருடைய பிள்ளையும் சாகவில்லை என்பதை மட்டும் நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

குவேக்கர்கள் தவறே செய்யாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிலடெல்பியாவில் 1829இல் திறந்த சிறைக்கு அவர்களுடைய சிந்தனை ஒரு தூண்டுகோல். கைதியைத் தனி அறையில் மௌனமாக வைத்தால் மனம் திருந்துவான் என்று நல்லெண்ணத்தோடு நினைத்தார்கள். மனிதர்கள் புத்தி பேதலித்துப் போனார்கள். 1842இல் அதைப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் கடுமையாகக் கண்டித்து எழுதினார். தானாக விரும்பி உட்காரும் மௌனம் ஒருவனை வளர்க்கிறது. அதையே அடுத்தவன் மேல் திணித்தால் கொடுமை ஆகிவிடுகிறது. எங்கள் தோட்டத்து மௌனம் இரண்டாவது வகை. இன்றைக்கும் அவர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது. ஒருபால் திருமணத்தை 2009இல் பிரிட்டன் குவேக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள். உலகிலேயே குவேக்கர்கள் அதிகம் வாழும் கென்யாவில் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

அவர்கள் முடிவெடுக்கும் முறையை நம் ஆலய நிர்வாகங்கள் கட்டாயம் கற்க வேண்டும். வாக்கெடுப்பு கிடையாது. மௌனத்தில் தொடங்குவார்கள், ஒருவர் பேசி முடித்ததும் சற்று இடைவெளி விடுவார்கள். கூட்டத்தின் மனம் எங்கே போய் நிற்கிறது என்பதைச் செயலர் அங்கேயே எழுதி வாசிப்பார். எல்லாரும் ஒப்பினால் முடிவு, இல்லாவிட்டால் அடுத்த கூட்டம். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலயப் பொதுக்கூட்டம் நாற்காலி வீச்சில் முடிந்து போலீஸ் வந்தது. பிறகு பெரியவர்கள் சிலர் கூடி, எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது, தீர்மானத்தை அங்கேயே வாசித்துவிட்டுத்தான் கலைய வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். கூட்டம் நீளுகிறது. பெண்கள் இப்போது பேசுகிறார்கள். முன்பு அவர்கள் வாய் திறப்பதற்குள் சண்டை தொடங்கிவிடும்.

மரண தண்டனையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் இல்லை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் இங்கிருந்து கடற்பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அவருடைய நுண்ணறிவு எண் 69 என்று மருத்துவ மதிப்பீடு சொன்னது. 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். பொட்டலத்தைக் கட்டிவிட்டவர்கள் பெரும்பாலும் தூக்குமேடைவரை வருவதில்லை. போதைப்பொருளால் அழிந்த வீடுகளை நான் அறிவேன். அதை விற்பவன் மேல் எனக்கும் ஆத்திரம் உண்டு. ஆனாலும் கயிற்றில் தொங்கியவனுக்குள்ளும் அந்த ஒளி இருந்தது என்று நம்புகிறவன் கயிற்றை இழுக்கக் கை கொடுக்க முடியாது. நம் நாடு 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையைக் கைவிட்டது. தண்டனையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடம் திரும்பியது. மரண தண்டனை முழுதாகப் போய்விடவில்லை. இருந்தும் நான் உயிரோடு இருக்கும்போது இதைப் பார்ப்பேன் என்று எதிர்பார்த்ததில்லை.

எலிசபெத் ஃப்ரை என்ற குவேக்கர் பெண் 1813இல் லண்டன் நியூகேட் சிறைக்குள் போனபோது சட்டத்தை மாற்றும் திட்டத்தோடு போகவில்லை. குளிரில் கிடந்த பெண் கைதிகளின் குழந்தைகளுக்குத் துணி கொண்டு போனார். பள்ளி, தையல், சீர்திருத்தம் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து, சிறையில் இருக்கும் பையன்களின் தாய்மாரைப் பார்வை நாளில் அழைத்துப் போகிறோம். பஸ் இல்லாத இடம், வாடகைக் காருக்குக் காசு இருக்காது, மலாயில் உள்ள படிவத்தைப் பார்த்தாலே கை நடுங்கும். கும்பல் சண்டையில் வெட்டியவனின் அம்மாவும் வெட்டுப்பட்டவனின் அம்மாவும் ஒரே வேனில் வந்ததுண்டு. முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. காத்திருக்கும் கூடத்தில் ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர் போத்தலை நீட்டினார், அவர் வாங்கிக்கொண்டார். நாங்கள் நடுவில் எதுவும் சொல்லவில்லை. இப்போது வேன் ஓட்டத் தெரிந்தவர்களும் படிவம் நிரப்பத் தெரிந்த இளையவர்களும் எங்களுக்குப் போதவில்லை. சனிக்கிழமை காலையில் ஓய்வாக இருப்பவர்கள் உங்கள் தாமானிலேயே இதைத் தொடங்கலாம்.